பக்கத்து வீட்டின் முதல் செய்தி

ஒரு நிகழ்ச்சிக்குப் பெயர் வைப்பது பிள்ளைக்குப் பெயர் வைப்பதைவிடக் கஷ்டம். பிள்ளைக்கு வைத்த பெயர் பிடிக்கவில்லை என்றால் வீட்டுக்குள் ஒரு செல்லப் பெயரால் கூப்பிட்டுச் சமாளித்துக்கொள்ளலாம். தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அந்த வசதி கிடையாது. போஸ்டர் ஒட்டிவிட்டால் ஒட்டியதுதான்.

தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்திருக்கும் நீங்கள், நடந்ததை என் வார்த்தையிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். சுருக்கமாக இருக்கட்டும் என்றும் சொன்னீர்கள். மற்றவர்கள் எழுதியதை வெட்டி வெட்டியே தலை நரைத்தவன் நான். என்னுடையதை வெட்டத்தான் கை வராது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயரிலிருந்து ஆரம்பித்தால்தான் மற்றது புரியும்.

எங்கள் கிளை அலுவலகம் ஒரு மரச்சாமான் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. செய்தி வாசித்துக்கொண்டிருக்கும்போதே கீழே யாராவது கட்டிலை இழுப்பார்கள். இங்கிருந்து நாங்கள் அனுப்பும் செய்திகளில் முக்கால்வாசி உங்கள் மேசையிலேயே தூங்கிவிடும். பஸ் கவிழ்ந்தால்தான் எங்கள் வட்டாரத்தின் பெயர் உங்கள் வாயில் வரும். அதனால், மாலை ஏழு மணிக்கு எங்களுக்கென்றே அரை மணி நேரச் செய்தி நிகழ்ச்சி என்று நீங்கள் உத்தரவு போட்டபோது, செய்தி ஆசிரியனான எனக்குத் தலைகால் புரியவில்லை. திட்டம் போடும் பொறுப்பு முழுவதும் என் தலையில் விழுந்தது. ஆசையாகத்தான் சுமந்தேன்.

பெயருக்காகக் கூட்டத்துக்கு மேல் கூட்டம் நடந்தது. எங்கள் மேலாளருக்கு 'வட்டாரச் செய்திகள்' போதும். விளம்பரப் பிரிவுக்காரருக்குப் பெயருக்குள் ஒரு எக்ஸ்பிரஸ் ஓடியாக வேண்டும். நான் 'சுற்றுப்புறம்' என்றேன்.

"குப்பை அள்ற திட்டம் மாதிரி இருக்கு சார்" என்றார் விளம்பரக்காரர்.

அன்றைக்கு அறையில் ஒரு ஸ்டூலின் மேல் நின்று விளக்கின் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தவன் எங்கள் ஒளிப்பதிவாளன். ஆள் நெடுநெடுவென்று இருப்பான். அலுவலகத்தில் எல்லாருக்கும் அவன் கொக்கு. எனக்கு மட்டும் மாப்பிள்ளை. என் தங்கையைக் கட்டியவன். அவன் மேலிருந்தபடியே சொன்னான்:

"எதுக்கு சார் இவ்ளோ கஷ்டப்படறீங்க? பக்கத்து வீட்டுக்காரங்க வந்து சொல்ற மாதிரி இருக்கணும்னுதானே கேக்கறீங்க. பக்கத்து வீடுன்னே வெச்சிட்டா என்ன?"

அதற்குள் மேலாளருக்கு ஒரு போன் வந்தது. யார் சொன்னது என்று அவர் கவனிக்கவில்லை. அடுத்த வாரம் என் தோளைத் தட்டி, "உங்க பேர் மேலிடத்துல ஓகே ஆயிடுச்சு" என்றார். நான் திருத்தவில்லை. மாப்பிள்ளையிடம் மட்டும் சொன்னேன். "விடுங்க மச்சான், வீட்டுக்குள்ளதானே இருக்கு" என்று சிரித்தான். அவனுக்கு எதுவுமே பெரிதாகப் படாது. உங்கள் கோப்பில் அந்தப் பெயருக்கு நேராக என் பெயர் இருக்கும். அதை மாற்றிவிடுங்கள். அது அவன் வைத்த பெயர்.

பெயர் கிடைத்தபின் வழி தானாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இழவு வீட்டில் மைக்கை நீட்ட மாட்டார். அழுகிற முகத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க மாட்டார். ஆனால் ஒன்று கேள்விப்பட்டால் முதல் ஆளாக வந்து நிற்பார். இதை நான் கூட்டத்தில் சொன்னபோது மேலாளரே கைதட்டினார். இப்போதும் இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

வாசிப்பவள் என் தங்கை. சிபாரிசு என்று உங்கள் காதில் போட்டிருப்பார்கள். அப்படி இல்லை. அவள் அதுவரை பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்கிற வேலை. ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். காய்கறிக் கடையில் அவள் வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்பவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் பார்ப்பார்கள் என்று கொக்கு கிண்டல் செய்வான். அந்தக் குரல்தான் எனக்கு வேண்டியிருந்தது.

அவளிடம் ஒரு குறை இருந்தது. துக்கச் செய்தி வந்தால் தொண்டை அடைத்துவிடும். எங்கோ முன்பின் தெரியாத பிள்ளை குளத்தில் விழுந்தது என்றாலும் நடுவில் நின்றுவிடுவாள். தொடக்க நாள் இரண்டு தடவை தள்ளிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். மேலாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, "இன்னொரு தடவை தள்ளினா மேலிடம் மொத்தமா மூட்டை கட்டச் சொல்லிடும். உங்க தங்கச்சி ஒரு தடவை உடைஞ்சாலும் வேற முகத்தைத்தான் பாக்கணும்" என்றார். எனக்கு அப்பா அம்மா போனபிறகு இருந்தது அவள் ஒருத்திதான். எனக்கென்று கல்யாணம் காட்சி எதையும் நினைக்காமல் அவளை வளர்த்தேன். அவளை அந்த நாற்காலியில் உட்கார்த்திப் பார்ப்பது என்பது எனக்கு வேலை மட்டும் இல்லை.

அவளுக்கு நான் ஒரு மருந்து கண்டுபிடித்தேன். ஒளிபரப்பில் போகாத ஒத்திகைச் செய்தியை நாங்கள் டம்மி என்போம். ஒவ்வொரு டம்மியிலும், அவளுக்கு முன்கூட்டிச் சொல்லாமல், எங்கள் ஆட்களில் ஒருவரைக் கொன்று ஒரு செய்தி எழுதிச் செருகினேன். அவள் பார்த்து வாசிக்கும் பிராம்ப்டர் திரையில் திடீரென்று அது வந்து நிற்கும். முழுப் பெயர், இடம், காரணம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். கடைசி வரி மட்டும் அசட்டுத்தனமாக இருக்கும். விளம்பரக்காரரை மாடிப்படியில் உருட்டிவிட்டுக் கொன்றபோது, "அன்னாரின் நினைவாகப் படிகளுக்கு எக்ஸ்பிரஸ் எனப் பெயரிடப்படும்" என்று முடித்தேன். முகம் மாறாமல் அந்த வரிவரைக்கும் வந்து சேர வேண்டும், அதுதான் பயிற்சி.

மருந்து வேலை செய்தது. அலுவலகத்துக்கே அது விளையாட்டாகிவிட்டது. இன்றைக்கு யார் சாவு என்று காலையிலேயே கேட்பார்கள். அதிகம் செத்தவன் கொக்குதான். மனைவியே வாசிக்க வேண்டும் என்பதால் அவனுடைய சாவுக்குத்தான் மவுசு. அவன் கேமராவுக்குப் பின்னால் நின்று நாக்கைத் தள்ளிக் கண்ணைச் செருகிக் காட்டுவான். அவள் அதையும் பார்த்துக்கொண்டு, ஒரு புருவம் அசையாமல் அவனைச் சாகடித்துவிட்டு, வணக்கம் சொன்ன பிறகுதான் சிரிப்பாள். இத்தனை சீக்கிரத்தில் இப்படித் தேறுவாள் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

தொடக்க நாள் வந்தது. ஏழு மணிக்கு நேரலை. அதற்கு முன் ஆறு மணிக்கு முழு ஒத்திகை. அன்றைக்கு வாசிக்கப் போகும் அதே செய்திகள், அதே வரிசை. அரங்கில் ஏதாவது கோளாறு என்றால் போடுவதற்காக அதைப் பதிவும் செய்துவைப்போம். இது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான்.

தொடக்கக் காட்சி மட்டும் எனக்குத் திருப்தியாக இல்லை. வீடுகளின் கூரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கண்ணுக்கு எட்டிய தூரம்வரை தெரிய வேண்டும் என்று நினைத்திருந்தேன். கொக்கு ஆஸ்பத்திரி மாடியிலிருந்து எடுத்து வந்ததில் பாதிக்கு மேல் வானம். மதியம் என் வீட்டில் சாப்பிடும்போது, பழைய தண்ணீர்த் தொட்டி மேலிருந்து எடுத்தால் என்ன என்று கேட்டேன்.

"பாத்துட்டேன் மச்சான். ஏணி துருப்பிடிச்சிக் கெடக்கு, கைப்பிடி ஆடுது. நாளைக்கு ஆள் வெச்சு ஏறிக்கலாம்."

"நாளைக்கு எடுத்தா நாளைக்குத்தான் ஆகும். முதல் நாள்னு ஒண்ணு திரும்ப வருமா?" என்றேன்.

அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினான். என் தங்கை அப்போது கூடத்தில் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பேச்சு அவள் காதில் விழவில்லை. இதுவரை அவளிடம் யாரும் சொல்லவும் இல்லை. நான்தான் அனுப்பினேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். நீங்கள் என்னிடம் கேட்க வந்தது இது இல்லை என்றும் எனக்குத் தெரியும்.

ஒத்திகை பாதி தாண்டி, விளம்பர இடைவேளையில் இருந்தபோது, கொக்கோடு போயிருந்த அலுவலக வண்டி ஓட்டுநரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. நடைவழிக்கு வந்து எடுத்தேன்.

"சார்... அண்ணன் எறங்கும்போது விழுந்துட்டாரு சார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்தேன். டாக்டர் பாத்துட்டு, வரும்போதே இல்லன்னுட்டாரு சார்."

கீழே கடையில் எதையோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் என் வீட்டில் சாப்பிட்ட தட்டு அலமாரியில் இன்னும் ஈரம் காயாமல் இருக்கும் என்று தோன்றியது. எனக்கு அவனைப் பிடிக்கும். இதை நீங்கள் நம்ப வேண்டும். தம்பி இல்லாத குறை எனக்கு அவனால்தான் தீர்ந்தது. அந்த நிமிஷம் நெஞ்சைப் பிளந்ததுபோல்தான் இருந்தது.

பிறகு, வேறு யாருக்குச் சொன்னாய் என்று ஓட்டுநரைக் கேட்டேன். யாருக்கும் இல்லை என்றான். யாருக்கும் சொல்லாதே, வீட்டுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். கேமரா என்ன ஆயிற்று என்றும் கேட்டேன். பையைக் கயிற்றில் முன்னாலேயே இறக்கிவிட்டாராம், ஒன்றும் ஆகவில்லை. படம் பதிவான கார்டை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொன்னேன். மற்றச் சேனல் நிருபர் ஒருவர் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதாக அவனே சொன்னான்.

உள்ளே வந்து உட்கார்ந்து செய்தியைத் தட்டினேன். அவனுடைய முழுப்பெயர். 'பக்கத்து வீடு' நிகழ்ச்சியின் ஒளிப்பதிவாளர். இன்று மாலை தண்ணீர்த் தொட்டியின் ஏணியிலிருந்து தவறி விழுந்து உயிரிழந்தார். அவருக்கு மனைவியும் தாயாரும் உள்ளனர். கடைசியாக வழக்கம்போல் ஒரு வரி: "அன்னாரின் நீண்ட கால்களை எங்கே வைப்பது என்று நண்பர்கள் ஆலோசித்துவருகிறார்கள்."

இடைவேளை முடிந்தது. அது அவள் திரையில் வந்தது. அவள் வாசித்தாள்.

எத்தனையோ பேர் செய்தி வாசித்துக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு வாசிப்பைக் கேட்டதில்லை. பெயரை மெதுவாக, தெளிவாகச் சொன்னாள். 'மனைவியும்' என்ற இடத்தில் உதடு லேசாக அழுந்தியது. சிரிப்பை அடக்குகிறாள் என்று எங்களுக்குத் தெரியும். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது துக்கம். கால் வரியையும் அசராமல் தாண்டி, மிச்சச் செய்திகளையும் வாசித்து, வணக்கம் சொல்லி முடித்தாள். பிறகு மைக்கிலேயே பொங்கிச் சிரித்தாள்.

"இன்னிக்கும் அவரையேதான் கொன்னீங்களா அண்ணா? பாவம், நல்ல நாளும் அதுவுமா. வேற ஆளே கெடைக்கலையா உங்களுக்கு?"

கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன்பிறகு செய்ததெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். அரங்கில் ஒரு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறது, முதல் நாள் வம்பு வேண்டாம், பதிவையே போட்டுவிடலாம் என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டுச் சம்மதித்தார். படத்தொகுப்பாளரை டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். டம்மி செய்தியை நான் எடுத்துவிடுவேன் என்று அவர் நினைத்திருப்பார்; அவரை இதில் இழுக்காதீர்கள். கால் வரியை மட்டும் வெட்டினேன். ஆஸ்பத்திரியிலிருந்து கார்டு வந்துசேர்ந்தது. கூரைகள் நான் நினைத்த மாதிரியே ஒட்டி ஒட்டித் தெரிந்தன. அதைத் தொடக்கத்தில் வைத்தேன். தங்கையிடம், நேரலை இல்லை, மேக்கப் அறையில் உட்கார்ந்து உன்னை நீயே பார் என்றேன். அவள் குழந்தைபோல் குதித்துக்கொண்டு போனாள். அவள் மாமியார், தன் வீட்டில் அக்கம்பக்கத்தார் எல்லாரையும் கூட்டிவைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

ஏழு மணிக்கு 'பக்கத்து வீடு' ஊருக்குள் போனது. மற்றச் சேனலுக்கு முன்னால் நாங்கள் சொன்னோம். எங்கள் திரையில் யாரும் அழவில்லை.

அந்தச் செய்தி முடிந்ததும் மேக்கப் அறைக் கதவு திறந்தது. முகத்தில் பாதிப் பவுடரோடு அவள் நடைவழியில் ஓடி வந்தாள்.

"அண்ணா, டம்மி ஐட்டத்த எடுக்காம விட்டுட்டாங்க. ஏர்ல போயிடுச்சு. அத்தை பாத்துட்டு இருப்பாங்க, அவங்களுக்கு ஏற்கெனவே நெஞ்சு வலி. என் போன் உள்ள இருக்கு, உங்க போனைக் குடுங்க."

நான் கொடுத்தேன்.

"அத்தை, அழாதீங்க. நான் சொல்றதக் கேளுங்க. அது பொய் அத்தை. நாங்க வெளையாட்டுக்கு வாசிக்கிறது, தெரியாம போயிடுச்சு. அவருக்கு ஒண்ணும் இல்ல. என் மேல சத்தியமா ஒண்ணும் இல்ல. இன்னிக்கு அவருக்கு ஆயுசு கெட்டி. ராத்திரி வந்து உங்க முன்னாலயே நிப்பார் பாருங்க, நாலு சாத்து சாத்துங்க."

மறுமுனையில் அந்தம்மா அழுதுகொண்டே சிரிப்பது எனக்கே கேட்டது. குறுக்கே பேசாமல் அவள் முடிக்கும்வரை காத்திருந்தேன். போனைத் திருப்பிக் கொடுத்தவள், "அவர் எங்கண்ணா? மேக்கப் போடும்போதே கூப்பிட்டேன், எடுக்கவே இல்ல" என்றாள்.

"வந்துகிட்டு இருக்கான்" என்றேன். அவனை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வண்டி அப்போது கிளம்பியிருந்தது, ஆகவே நான் பொய் சொல்லவில்லை.

நிகழ்ச்சி முடிந்து பெயர்கள் ஓடும்வரை அவளை என் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டேன். பிறகு சொன்னேன். அவள் அழவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரியை நான் சொல்லட்டும் என்று அவள் காத்திருக்கிறாள் என்பது எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் விளங்கியது.

இப்போது மாமியாரோடு இருக்கிறாள். அந்தம்மா வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "நீதானே பொய்னு சொன்ன, சத்தியம் பண்ணினியே" என்று அவளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். நான் போனால் கதவு திறப்பதில்லை. தெருவில் நின்றுவிட்டு வருகிறேன்.

பதற்றத்தில் செய்தீர்களா என்று நீங்கள் கேட்டீர்கள். அப்படிச் சொல்லிவிட்டால் எனக்கு நல்லது என்று மேலாளரும் காதில் போட்டார். இல்லை. அந்தச் செய்தியைத் தட்டும்போது தாயார் வரிக்கும் கால் வரிக்கும் நடுவில் ஒரு வெற்றுவரி விட்டேன். மற்ற டம்மிகளில் அப்படி விட்டதில்லை, பார்த்துக்கொள்ளலாம். வெற்றுவரி வந்தால் அவள் ஒரு மூச்சு எடுப்பாள். மூச்சு எடுத்த இடத்தில் வெட்டினால் வெட்டு தெரியாது. போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்காரும்போதே எனக்கு எல்லாம் முடிவாகியிருந்தது. சொல்லிவிட்டால் அவள் வாசிக்க மாட்டாள், நிகழ்ச்சி நின்றுபோகும், அந்த நாற்காலி வேறு ஒருத்திக்குப் போகும். புருஷனும் இல்லாமல் அந்த நாற்காலியும் இல்லாமல் அவள் என்ன செய்வாள் என்றுதான் யோசித்தேன். அவளைத் தவிர வேறு யாரைப் பற்றியும் நான் அப்போது யோசிக்கவில்லை.

தண்டனை எதுவானாலும் சரி. ஒரே ஒரு வேண்டுகோள். அன்றைய பதிவை அழிக்கப்போவதாகச் சொன்னீர்கள். வேண்டாம், ஒரு பிரதி எனக்குக் கொடுங்கள். கதவு திறக்கும் நாளில் அவளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். எவ்வளவு நன்றாக வாசித்திருக்கிறாள் என்று பார்த்தால், என் மேல் இருக்கும் கோபமெல்லாம் போய்விடும்.